தொட்டிக்குள் இரண்டு பரணி

எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் நான் ஒரு நாளும் குளித்ததில்லை. வருஷத்தில் பாதி நாள் அதில் அழுக்குத் துணி ஊறும். மீதி நாள் அப்பாவின் வைன் குளிக்கும்.

குவைத்தில் அப்பாசியா என்று ஓர் இடம். தடுக்கி விழுந்தால் நம்மூர்க்காரர் யார் மேலாவதுதான் விழ வேண்டும், அவ்வளவு நெருக்கம். அங்கே ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் நாங்கள் இருந்தோம். அம்மா, அப்பா, நாலாம் வகுப்புப் படித்த நான், அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த தம்பி. அம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவராக இருந்தார். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் அம்மாவின் விசாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம். அம்மா டூட்டிக்குப் போவார். அப்பா சோறு வைப்பார், மீன் கழுவுவார், தம்பிக்குக் கால் கழுவி விடுவார். நாகர்கோவிலிலிருந்து போன் பண்ணுகிற சொந்தக்காரர்கள் யாரும் "இப்பம் என்ன செய்யுதிய?" என்று அப்பாவிடம் நேராகக் கேட்க மாட்டார்கள். அம்மாவிடம்தான் கேட்பார்கள், "அவரு என்ன செய்யுதாரு?" என்று. அதையும் குரலைத் தாழ்த்தி, ஏதோ படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரை விசாரிப்பது போலக் கேட்பார்கள். போன் ஸ்பீக்கரில் இருக்கும். அப்பா பாத்திரம் தேய்க்கிற சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்.

திராட்சை சீசன் வந்தால் போதும், மனிதர் ஆளே மாறிவிடுவார். ஈரானிலிருந்தும் லெபனானிலிருந்தும் கறுப்புத் திராட்சை பெட்டி பெட்டியாகச் சந்தையில் வந்து இறங்கும். அப்பா விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய், ஒவ்வொரு பெட்டியாகக் கிளறி, ஒவ்வொரு கடைக்காரனிடமும் சண்டை போட்டு வாங்கி வருவார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் கேக்கோடு சின்னத் தம்ளரில் வீட்டு வைன் இருக்க வேண்டும். ஊரில் அது பெண்கள் செய்கிற வேலை. அப்பா யாரிடம் கற்றாரோ தெரியாது. போனில் பார்த்துக் கற்றிருப்பார் என்பது அம்மாவின் கட்சி. எப்படிக் கற்றால் என்ன, அப்பாசியாவில் அவர் கைக்கு ஈடு கிடையாது என்று பேர் எடுத்துவிட்டார். ஒரு சொட்டுகூட விற்றதில்லை. ரோஸ் சர்பத் பாட்டிலில் ஊற்றி, செய்தித்தாளில் சுற்றி, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீடு வீடாகக் கொடுப்பதோடு சரி. அதற்காகப் பெரிய பெரிய வேலையில் இருக்கிறவர்களெல்லாம் ஜெபக்கூட்டம் முடிந்ததும் அப்பாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணாச்சி, இந்த வருசமும் உண்டுல்லா?" என்று கேட்பார்கள். அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் அத்தனை பாடும் பட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த நாட்டில் வைன் செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம், குடிப்பதும் குற்றம். மாட்டினால் அப்பாவுக்கு ஜெயில், பிறகு குடும்பத்தோடு விமானம் ஏற்றிவிடுவார்கள், அம்மாவின் வேலை அதோடு போச்சு. பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் காது கிடையாது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். படுக்கையறைக்குள் அம்மா அப்பாவிடம் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

"என் தலையில மண்ணப் போட்டுட்டுத்தான் ஓய்விய. ஒரு ஆளு சம்பளத்துல நாலு சீவன் ஓடுது, பாத்துக்கிடுங்க."

"ஒண்ணும் ஆவாது. வருசா வருசம் இதத்தான் சொல்லுத."

வேலை எப்படி நடக்கும் என்றால், முதலில் திராட்சையைக் கழுவி, கட்டில் விரிப்பில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் காய வைப்பார். காம்பு ஒன்றுகூட இல்லாமல் ஆய வேண்டும். அது என் வேலை. பிறகு இரண்டு பெரிய பரணிகளில் போட்டுக் கையால் பிசைவார். ஊரில் மாங்காய் ஊறுகாய் போடுகிற பீங்கான் பரணிகள்தான். லீவுக்குப் போனபோது புடவைகளுக்கு நடுவில் சுற்றி, ஒரு முறைக்கு ஒன்றாகக் கொண்டுவந்தவை. சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, கொஞ்சம் ஈஸ்ட். வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி, குளியல் தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் தண்ணீர் நிரப்பிவிடுவார். சூடு ஏறக் கூடாதாம். தினமும் துணியை அவிழ்த்து மரக்கரண்டியால் ஒரு கிண்டு கிண்டிவிட்டு, பரணியில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சோடா பொங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். "கேட்டியா மக்ளே, பேசுது" என்பார் முகம் மலர்ந்து. எனக்கு அந்தச் சத்தம் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். போலீஸைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்து, வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்த மாதங்களில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் என் யூனிபாரத்தை முகர்ந்து பார்ப்பேன். தலைமுடியை இழுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பேன். அரபி டீச்சர் நோட்டைத் திருத்துவதற்காக என் பக்கம் குனிந்தால் மூச்சை அடக்கிக்கொள்வேன், வாசனை என் வயிற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. சாயங்கால ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் தனியாக ஒரு விண்ணப்பம் போடுவேன். தண்ணீரைத் திராட்சரசமாக்கின இயேசுவே, எங்கள் வீட்டுத் திராட்சரசத்தைத் தண்ணீராக்கும். அவருக்கு இது சுலபமான வேலையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏனோ செய்யவில்லை.

போலீஸைவிட எனக்கு அதிக பயம் ஹாரிஸிடம்தான். அங்கெல்லாம் கட்டடக் காவல்காரரை ஹாரிஸ் என்பார்கள். எங்களுக்கு அதுவே அவர் பெயராகிவிட்டது. எகிப்துக்காரர், வயதானவர், தூண் மாதிரி உடம்பு. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இருப்பார். பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் சைக்கிள் விட்டால் அவர் போடுகிற சத்தத்தில் மூன்றாம் மாடிப் புறா பறந்துவிடும். யார் குப்பையில் கண்ணாடி போட்டார்கள் என்று பையைப் பிரித்துப் பார்ப்பார். அந்தப் பயத்தில்தான் அப்பா திராட்சைக் காம்பையும் சக்கையையும் என் பழைய பள்ளிக்கூடப் பையில் அடைத்து முதுகில் மாட்டிக்கொண்டு, எங்கேயோ நாலு தெரு தள்ளிப் போய்க் கொட்டிவிட்டு வருவார்.

ஒரு தடவை ஹாரிஸ் இருமிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரோ கொடுத்த இருமல் மருந்து பாட்டிலை அம்மாவிடம் நீட்டி, இதில் ஆல்கஹால் உண்டா என்று கேட்டார். அம்மா பொடி எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இருக்கிறது, மருந்துதானே, பரவாயில்லை என்றார். ஹாரிஸ் அந்தப் பாட்டிலை இரண்டு விரலால் செத்த எலியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் மருந்துக்கே இந்தக் கதி என்றால் அப்பாவை எந்தத் தொட்டியில் போடுவார்?

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் ஏசி நின்றுபோனது. செப்டம்பர் என்று பேர்தானே தவிர, வெளியே கை நீட்டினால் வெந்துபோகும். மொட்டை மாடியில் எங்கள் வீட்டுக்கென்று இருந்த எந்திரம் ஒரு முக்கு முக்கி அடங்கிவிட்டது. இதில் என்ன, கீழே போய் ஹாரிஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் மெக்கானிக் வந்துவிடுவான். ஆனால் மெக்கானிக் வந்தால் வீட்டுக்குள் வந்து மேலே இருக்கிற காற்றுச் சல்லடையைக் கழற்றிப் பார்ப்பான். அந்தச் சல்லடை இருந்தது குளியலறை வாசலுக்கு நேர் மேலே.

அப்பா சொல்லவில்லை. ஈரவேட்டியை ஜன்னலில் தொங்கவிட்டார். மேஜை ஃபேனை வைத்தார். "ரெண்டே நாளு. வடிச்சி எடுத்துட்டா பெறவு எவன் வந்தா நமக்கென்ன" என்றார். அம்மா நைட் டூட்டி முடித்து வந்து, தரையில் தண்ணீரைத் தெளித்துவிட்டு அதிலேயே படுத்தார். தம்பிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது குரல் கட்டிப்போயிற்று. இப்படி ஒரு கூத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? உலகமே ஏசிக்குள் உட்கார்ந்திருக்கும் ஊரில், வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கிற குளிரை விட்டுவிட்டு, நாங்கள் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு வெந்துகொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலை அம்மா தம்பியின் நெற்றிக்கு ஈரத்துணி வைக்க ஐஸ் எடுக்கப் போனார். ஃப்ரீசர் காலி. அப்பா ஐஸ் முழுவதையும் தட்டித் தொட்டிக்குள் பரணிகளைச் சுற்றிப் போட்டிருந்தார். அம்மா குளியலறை வாசலில் நின்று அதைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"புள்ளைக்கு மேலு கொதிக்குது. அதுக்கு ஐசு இல்ல. இதுக்கு இருக்கு, என்னா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மெக்கானிக் வரணும். இல்லேன்னா நானே எறங்கிப் போய் ஹாரிஸக் கூட்டிட்டு வருவேன். இது சத்தியம்."

சொல்லிவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா சரி, பரணிகளைத் தூக்கிச் சமையலறை அலமாரிக்குள் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்தார். அதற்கு இடம் ஒழித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் குளியலறையில் காரியம் கெட்டுவிட்டது. ஐஸ் எல்லாம் உருகித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. சூட்டில் வைனுக்கு வெறி பிடித்துவிட்டது. இரண்டு பரணியும் துணியைத் தள்ளிக்கொண்டு ஊதா நிற நுரையைக் கக்கிக்கொண்டிருந்தன. திராட்சைத் தோல் மலை மாதிரி மேலே வந்து, வழிந்து, தொட்டி நிறைந்து, தரையெல்லாம் ரத்தக்களரி. தண்ணீர் கடகடவென்று தரைச் சல்லடை வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வாசனை என்றால் அப்படி ஒரு வாசனை. மூக்கே வேண்டாம், கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

"மக்ளே, துணி எடு, துணி எடு" என்றார் அப்பா. நானும் அவரும் முட்டி போட்டுத் துடைத்தோம். துடைக்கத் துடைக்க வந்தது. அப்போது அழைப்பு மணி அடித்தது.

நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. மறுபடி அடித்தது. பிறகு கதவைக் கையால் தட்டும் சத்தம். தட்டுகிற பலத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. அப்பா உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். அந்த விரலும் ஊதாவாக இருந்தது.

திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் வெளியிலிருந்து ஹாரிஸ் கத்தியது அப்படி. கீழ் வீட்டுக் குளியலறைக் கூரையிலிருந்து சிவப்பாகச் சொட்டுகிறதாம். அந்த வீட்டு அம்மாள் ரத்தம் என்று அலறுகிறாராம். யாருக்காவது அடிபட்டுவிட்டதா, யாராவது விழுந்து கிடக்கிறீர்களா, திறக்காவிட்டால் உடைக்கப் போகிறேன் என்று அரபியும் இந்தியும் கலந்து கத்தினார். அப்பா திறந்தார்.

ஹாரிஸ் தனியாக வரவில்லை. பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட ஓர் இளைஞர் கையில் கார் சாவியோடு நின்றார். கட்டட முதலாளியின் மகன். லிஃப்டைப் பார்க்க வந்தவர், கீழே நடந்த களேபரத்தைக் கேட்டு மேலே ஏறி வந்துவிட்டார். அப்பாவின் கைகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அப்பாவை விலக்கிக்கொண்டு நேராகக் குளியலறைக்கு நடந்தார். ஹாரிஸ் பின்னாலேயே போனார். நான் துணியும் கையுமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஒண்ணுக்கு வந்துவிடும் போல இருந்தது.

ரத்தம் இல்லை என்று தெரிந்து முதலாளி மகன் ஒரு மூச்சு விட்டார். அடுத்த மூச்சை உள்ளே இழுத்தார். அவர் புருவம் நெரிந்தது.

"ஷினு ஹாதா?"

இது என்ன என்று கேட்கிறார். அப்பா வாயைத் திறந்தார். அத்தனை வருஷம் அந்த நாட்டில் இருந்தவர், சந்தையில் அரபியில் சண்டை போடுகிறவர், ஒரு சொல் வரவில்லை. படுக்கையறைக் கதவு திறந்தது. அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ ரத்தத்தையும் சாவையும் பார்க்கிற அம்மா. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

ஹாரிஸ் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பரணிகளைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார், அதட்டலாக.

"ஹல்?"

அப்பா விழித்தார்.

"ஹல்! சிர்கா, பாய், சிர்கா?"

அரபியில் ஹல் என்றாலும் இந்தியில் சிர்கா என்றாலும் வினிகர். இந்த மனுஷனுக்கு மூக்கு கெட்டுவிட்டதா என்று நினைத்தேன். அப்பாவுக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஐவா... ஐவா, சிர்கா" என்று தலையை ஆட்டினார். ஆமாம், ஆமாம் என்று. பொய் சொல்லும்போது அப்பாவின் குரல் இவ்வளவு சின்னதாகிவிடும் என்று எனக்குத் தெரியாது.

முதலாளி மகன் நம்பவில்லை. குனிந்து, பரணித் துணியின் நுனியைப் பிடித்தார்.

ஹாரிஸ் அவரைத் தாண்டிக்கொண்டு முன்னால் வந்தார். உங்கள் உடுப்பில் கறை படும், தள்ளுங்கள் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். தன் தடித்த விரலைப் பரணியின் நுரைக்குள் விட்டு எடுத்தார். ஒரு கணம் அந்த விரலைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு கண் மூடிக்கொண்டது. கன்னம் இரண்டும் உள்ளே போயின. பல்லிடுக்கில் சீய் என்று காற்றை இழுத்தார். "ஹல்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, அப்பாவைத் திட்ட ஆரம்பித்தார். இந்த இந்தியாக்காரர்களுக்குக் கடையில் வாங்குகிற வினிகர் ஆகாது, மாங்காயையும் எலுமிச்சையையும் மீனையும் ஊறப் போட வீட்டிலேயே காய்ச்ச வேண்டும், இப்படிக் காய்ச்சிக் காய்ச்சி என் கட்டடத்தின் குழாயை நாசம் பண்ணிவிட்டார்கள் என்று ஒரே பாட்டு. அம்மாவையும் திட்டினார். என்னையும் சேர்த்துத் திட்டினார்.

முதலாளி மகன் சிரித்துவிட்டார். துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். இவ்வளவு காட்டமான வினிகரா, அப்படியானால் நாளைக்கு ஒரு பாட்டில் ஹாரிஸிடம் கொடுத்துவிடு, என் அம்மாவுக்கு வேண்டும் என்றார். தம்பியின் கன்னத்தைத் தட்டினார். வீடு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று ஹாரிஸைக் கடிந்துகொண்டு, ஏசிக்கு ஆளை அனுப்பச் சொன்னார். "யல்லா", போகலாம் என்று சொல்லி, இருவரும் இறங்கிப் போனார்கள். ஹாரிஸ் போகும்போது எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நிம்மதி வரவில்லை. என் புத்திக்கு விஷயம் வேறு மாதிரி எட்டியது. ருசி பார்த்துவிட்டார். இனி அவர் வாயே சாட்சி. முதலாளி மகனை அனுப்பிவிட்டு நேராகப் போலீசுக்குப் போவார். வினிகர் என்று சொன்னது எங்களைத் தப்பவிடாமல் இருக்கச் செய்த தந்திரம்.

"கீழ ஊத்தி விட்டுருங்க" என்றார் அம்மா.

"எங்க ஊத்த? பைப்பு ஒழுகுது. திரும்பவும் கீழ சொட்டும். நாளைக்கு அந்தப் பையனோட அம்மைக்கு ஒரு பாட்டில் வினிகர் வேற குடுக்கணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்ன பொய்யை ராத்திரிக்குள் உண்மையாக்கியே தீர வேண்டும், வேறு வழியில்லை. அப்பாவின் கைகளோ தேய்த்தும் போகாத ஊதா. ஆகவே அம்மா என்னைக் கீழே கடைக்கு அனுப்பினார். இருக்கிற வெள்ளை வினிகர் பாட்டில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வா, யாராவது கேட்டால் ஊறுகாய்க்கு என்று சொல், ஓடாதே, நட என்றார்.

லிஃப்டில் போனால் ஹாரிஸ் அறை வாசலில்தான் நிற்கும் என்று படி வழியாக இறங்கினேன். அப்படியும் அவரிடமே போய் மாட்டினேன். கார் நிறுத்துமிடத்தில் கார் கழுவுகிற குழாய் ஒன்று உண்டு. அதன் முன்னால் ஹாரிஸ் குந்தியிருந்தார். கையில் தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். துப்பினார். மறுபடி ஊற்றினார். விரலை விட்டு நாக்கைத் தேய்த்தார். சட்டை நுனியை இழுத்து அதால் நாக்கைத் துடைத்தார். மறுபடி தண்ணீர். இடையிடையே உதடு ஏதோ முணுமுணுத்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். எங்களைத்தான் சபிக்கிறார் என்று நினைத்தேன்.

கடைக்குப் போய்த் திரும்பி வரும்போதும் அவர் அங்கேயே இருந்தார். பைக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"ஹல்?" என்று பையைக் காட்டிக் கேட்டார்.

தலையை ஆட்டினேன். அவர் பையை வாங்கி உள்ளே பார்த்தார். பாட்டில்கள் வெளியே தெரியாதபடி வாயைச் சுருட்டி என் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "யல்லா, யல்லா" என்று படியைக் காட்டினார். நான் பின்னங்கால் பிடரியில் பட ஓடினேன். பாதிப் படியில் நின்று எட்டிப் பார்த்தபோது மறுபடியும் குழாயைத் திறந்திருந்தார்.

மறுநாள் ஏசி வந்தது, பாட்டில் போனது. முதலாளி வீட்டம்மாள் அதை எதில் ஊற்றிச் சாப்பிட்டாரோ, நல்லவேளை, ஒன்றும் கேட்டனுப்பவில்லை. அதெல்லாம் பெரிய விஷயமில்லை. எனக்கு மறக்காதது அந்தச் சாயங்காலம்தான்.

நான் மேலே போனபோது அப்பா பரணிகளின் துணியை அவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் கொடுத்த முதல் பாட்டிலைத் திறந்து ஊற்றினார். அந்த நல்ல வாசனை ஒரே நொடியில் புளித்துப்போனது. அடுத்த பாட்டிலைத் திறந்தார். ஒரு வருஷத்துக்கு அவரை யாரும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேலையில் கண்ணாக இருந்தார்.

"ப்பா, ஹாரிஸ் கீழ துப்பிக்கிட்டே இருக்காரு" என்றேன்.

"என்னது?"

"கொழாயில வாயக் கொப்பளிச்சிக் கொப்பளிச்சித் துப்புதாரு. நாக்க சட்டையால தொடைக்காரு. நான் போகும்பமும் துப்புனாரு, வரும்பமும் துப்புனாரு."

அப்பாவின் கை நின்றது. பாட்டில் பாதி சாய்ந்தபடியே இருந்தது. அம்மா என் பின்னால் வந்து நின்றார்.

"அந்த மனுசன் அத வாயில வச்சிட்டாரே" என்றார் அம்மா, யாரிடம் என்றில்லாமல்.

அப்பா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். பாட்டிலைக் கீழே வைத்தார். ஊதாக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கம்பெனி மூடியபோதுகூட அப்படி அழுததில்லை. அம்மாவும் அவரைத் தேற்றவில்லை. தோளில் தம்பியைத் தட்டிக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. அப்பாசியாவில் பேர்போன அப்பாவின் வைன், வாயில் வைத்த ஒரு மனிதர் இவ்வளவு நேரம் நின்று துப்புகிற அளவுக்கு இந்த வருஷம் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. யாருக்குத்தான் அழுகை வராது? நான் அப்பாவிடம் போய் அவர் முழங்காலைத் தட்டினேன்.

"அழாதீங்கப்பா" என்றேன். "அடுத்த வருசம் அவருக்குப் பிடிக்கிற மாதிரி நல்லா வரும்."